கோத்தகிரி மலைப்பாதையில் டிரெய்லர் இழுக்க எந்த பிக்கப் எடுக்கலாம்?

சோலூர்மட்டம் பக்கம் 5 ஏக்கர் தோட்டம், பாதி தேயிலை, மீதியில் கேரட்டும் பீட்ரூட்டும். பவர் டில்லர், மருந்தடிக்கிற ஸ்பிரேயர், 1,000 லிட்டர் தண்ணீர் டேங்க் இவற்றை ஒரு டிரெய்லரில் மாற்றி மாற்றி ஏற்றித் தோட்டத்துக்குத் தோட்டம் இழுத்துப் போக வேண்டும். வாரம் ஒரு நாள் அதே டிரெய்லரில் காய்கறியை மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்க வேண்டும். இதற்கு டொயோட்டா ஹைலக்ஸா, இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸா, மஹிந்திரா பொலேரோ கேம்பரா? டபுள் கேப் (பின் சீட்டும் உள்ள கேபின்) வேண்டுமா, ஃபோர் வீல் டிரைவ் அவசியமா, ஆட்டோமேட்டிக் தாங்குமா? இதுதான் நீங்கள் கேட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றரை டன் இழுக்கும் வண்டி எது என்ற கேள்வி. இழுக்கிற வண்டிக்குப் பஞ்சமே இல்லை. அந்த ஒன்றரை டன் பின்னாலிருந்து நெட்டித் தள்ளும்போது மேட்டுப்பாளையம் போகும் வழியில் குஞ்சப்பனை இறக்கத்தில் பிரேக் பிடித்து நிற்குமா, கொண்டை ஊசி வளைவில் ஒரே மூச்சில் திரும்புமா என்பதில்தான் தேர்வே இருக்கிறது. அதற்கு பிக்கப்புக்கு முன்னால் டிரெய்லரைப் பற்றிப் பேச வேண்டும்.

முதலில் இழுவை, அது சுலபமான கணக்கு. 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் ஒவ்வொரு டன்னும் சுமார் 100 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். வண்டி 1,950 கிலோ, ஆளும் சாமானும் 300, நிறை டேங்கோடு டிரெய்லர் 1,500 என்று வையுங்கள், மொத்தம் 3,750 கிலோ. ஏற்றத்துக்கு 375 கிலோ, டயர் உருள ஒரு 55 கிலோ, ஆக 430 கிலோ விசை. மணிக்கு 30 கிலோமீட்டரில் போக சக்கரத்தில் 48 குதிரைத்திறன் வேண்டும். கியர் பாக்ஸிலும் பின் அச்சு ஹவுசிங்கிலும் வீணாகப் போவதைச் சேர்த்தால் இன்ஜினில் 55-ஐத் தாண்டும். 75 குதிரைத்திறன் உள்ள கேம்பர்கூட இரண்டாவது கியரில் முனகிக்கொண்டே ஏறிவிடும். கையிருப்பு இருக்காது, அவ்வளவுதான். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ அதை ஈடுகட்டும், ஆனால் டர்போ சுழலத் தொடங்கிய பிறகுதான். கொண்டை ஊசியில் 1,200 ஆர்.பி.எம்.முக்கு விழுந்து, அங்கிருந்து எழும்ப வேண்டிய நொடியில் மெலிந்த காற்றின் பற்றாக்குறை முழுசாகத் தெரியும். அதனால் உச்ச டார்க் (இன்ஜினின் சுழற்று விசை) எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்த ஆர்.பி.எம்.மில் வருகிறது என்று பாருங்கள். ஹைலக்ஸின் 2.8 லிட்டர் இன்ஜின் மேனுவலில் 420 நியூட்டன் மீட்டரை 1,400-லேயே தருகிறது. ஆட்டோமேட்டிக்கில் 500, அது 1,600-ல். வி-கிராஸின் 1.9 லிட்டர் 360 தருகிறது, ஆனால் 2,000-க்கு வந்த பிறகு. தார் ரோட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நின்று, வளைந்து, மறுபடி ஏறும் தோட்டப் பாதையில் தெரியும்.

ஹைலக்ஸும் டி-மேக்ஸும் 3,500 கிலோ இழுப்பதாக வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அந்த எண் ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற சந்தைகளில், அங்கே விற்கும் மாடலுக்கு, சொந்தப் பிரேக் உள்ள டிரெய்லருக்குத் தருவது. டிரெய்லரில் பிரேக் இல்லையென்றால் அதே வண்டிக்கு அங்கே 750 கிலோதான். ஐரோப்பிய விதிப்படி நிறை பாரத்தோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்ப முடிந்தால்தான் அந்தப் பாரத்துக்கு ஒப்புதல். 12 சதவீதம் என்பது ஏறக்குறைய 7 டிகிரி. கைபேசியில் சரிவு காட்டும் ஆப் ஒன்றைப் போட்டு உங்கள் தோட்டத்து வழியை அளந்து பாருங்கள். ஆறுக்கு ஒன்று ஏறும் பாதை ஒன்பதரை டிகிரி காட்டும், எஸ்டேட் வழிகளில் அது சாதாரணம். பல ஐரோப்பிய கம்பெனிகளின் கையேட்டில் இன்னொரு வரியும் இருக்கும்: 1,000 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடையில் 10 சதவீதம் குறைக்கவும். ஆகவே வெளிநாட்டு எண்ணை அப்படியே கோத்தகிரிக்குத் தூக்கி வராதீர்கள். இந்தியாவில் விற்கும் வண்டியின் உரிமையாளர் கையேட்டில் என்ன அச்சிட்டிருக்கிறதோ அதுதான் செல்லும். அதில் டிரெய்லர் பற்றி எண்ணே இல்லையென்றால் கம்பெனி உங்களுக்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி இறக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், இறங்கும் உயரம் ஏறக்குறைய 1,450 மீட்டர். 3,750 கிலோ அத்தனை உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு டயரிலும் காற்றிலும் கரைந்தாலும், மிச்சம் 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். அத்தனை சூட்டையும் கியரில் இன்ஜின் பிடிக்கும் பிடியும் பிரேக் லைனரும்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டீசல் இன்ஜினில் பெட்ரோல் மாதிரி காற்று வழியை மூடும் த்ராட்டில் அடைப்பு கிடையாது, அதனால் கியரில் பிடிக்கும் வலு இயல்பிலேயே குறைவு. ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அந்த கியர் என்ற பழைய டிரைவர் கணக்கு வெறும் வண்டிக்குச் சரி. டிரெய்லர் மாட்டினால் அதற்கும் ஒரு கியர் கீழே. பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், வேகம் ஏறியதும் ஒரு அழுத்து அழுத்திக் குறைத்துவிட்டு முழுசாக விடுங்கள், லைனர் ஆறட்டும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் லைனர் சூடேறி வழுக்குகிறது என்று பொருள். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனால் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது. இரண்டாவது மிக ஆபத்து. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட்-4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும், ஈரம் ஏறியபின் தரம் கேட்பது 155 மட்டுமே. வருஷத்தில் பாதி நாள் பனிமூட்டமும் மழையுமாக இருக்கும் ஊரில், டிரெய்லர் இழுக்கிற வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை முழுசாக மாற்றிவிடுவேன். கம்பெனி அட்டவணை அதைவிடத் தாராளமாக இருக்கலாம், அது சமவெளிக்கும் சேர்த்துப் போட்டது.

டிரெய்லர் பிரேக் விஷயத்தில் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். டிராக்டர் டிரெய்லரை பிக்கப்பில் மாட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். அதன் வளையமும் பின்னும் தளர்வாக ஆடும், கொக்கி உயரம் பொருந்தாது, பெரும்பாலும் பிரேக்கே இருக்காது. பிக்கப்புக்கு 50 மில்லிமீட்டர் பந்துக் கொக்கி, தள்ளும் விசையில் தானாகப் பிடிக்கும் ஓவர்ரன் பிரேக், கொக்கி கழன்றால் பிரேக்கை இழுத்துவிடும் பிரேக்-அவே கேபிள், கீழே குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலி, இவ்வளவும் வேண்டும். ஆனால் ஓவர்ரன் பிரேக்குக்கு மலையில் இரண்டு வில்லங்கம் உண்டு. நீங்கள் கியரில் பிடித்துக்கொண்டு இறங்கும்போது டிரெய்லர் விடாமல் தள்ளும், அதனால் அதன் பிரேக்கும் வழி நெடுக லேசாக உரசிக்கொண்டே வரும். அரவேனு தாண்டிய பிறகு ஓரிரு இடங்களில் ஓரம் கட்டி, டிரெய்லர் டிரம்முக்கு அருகே கை காட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கம் அட்ஜஸ்ட்மென்ட் இறுகியிருக்கிறது, அல்லது கேபிள் துருவேறிச் சிக்கியிருக்கிறது. இரண்டாவது வில்லங்கம் ரிவர்ஸ். பின்னுக்குத் தள்ளும்போதும் கொக்கி அமுங்குவதால் பிரேக் பிடித்துக்கொள்ளும். தானாக விடுபடும் டிரம் உள்ளதை வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இறங்கிப்போய் லாக் லீவரைப் போட வேண்டும், ரிவர்ஸ் முடிந்ததும் எடுக்கவும் வேண்டும். எடுக்க மறந்து இறக்கத்தில் விட்டால் டிரெய்லருக்குப் பிரேக்கே இல்லை.

வளைவுக் கணக்கும் டிரெய்லரைத்தான் பார்க்கச் சொல்கிறது. பிக்கப்பின் பின் அச்சு 8 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, கொக்கி அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது என்று வைத்தால், கொக்கியிலிருந்து 3 மீட்டர் தள்ளி அச்சு உள்ள டிரெய்லர் பிக்கப் தடத்தைவிட அரை மீட்டர் உள்ளே வெட்டும். அதே அச்சு 4.5 மீட்டரில் இருந்தால் 1.3 மீட்டர் உள்ளே போகும். உள் வளைவில் அந்த 1.3 மீட்டர் சாக்கடையிலோ மைல்கல்லிலோதான் முடியும். வெளியே எட்டிப் போய்த் திருப்பலாம் என்றால் எதிரே ஏறி வரும் பஸ்ஸுக்குத்தான் முதல் வழி. ஆகவே டிரெய்லர் நீளம் குறைவாக இருக்கட்டும். குட்டை டிரெய்லர் ரிவர்ஸில் சட்டென்று மடங்கும், பழகப் பொறுமை வேண்டும். ஆனாலும் இந்தப் பாதைக்கு அதுதான் சரி. இங்கே டபுள் கேப், சிங்கிள் கேப் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடுகிறது. ஹைலக்ஸ், வி-கிராஸ் இரண்டும் டபுள் கேப், 5.3 மீட்டர் நீளம், 3.1 மீட்டருக்குக் கொஞ்சம் குறைய வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்). அதன் பின்னால் 4 மீட்டர் டிரெய்லர் சேர்ந்தால் சின்ன லாரி நீளம் ஆகிவிடும்.

கொக்கியில் உட்காரும் எடை, அதாவது மூக்குப் பாரம், டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 1,500 கிலோவுக்கு 150. குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். கூடினால் பின்பக்கம் அமுங்கி ஸ்டீயரிங் மிதக்கும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணைக் கூசும். 150 கிலோ கொக்கியில் உட்கார்ந்தால் பின் அச்சில் கூடுவது 150 இல்லை, சுமார் 208. அந்த 58 கிலோ முன் அச்சிலிருந்து கழன்று வருகிறது. அளப்பதற்கு எடை மேடை போதும்: முதலில் பிக்கப்பை மட்டும் நிறுத்தி எடை பாருங்கள், பிறகு டிரெய்லரை மாட்டி, டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே நிற்கிற மாதிரி மறுபடி பாருங்கள், வித்தியாசம்தான் மூக்குப் பாரம். சமதளத்தில் சரியாக இருப்பது ஏற்றத்தில் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். பாரம் உயரமாக இருந்தால், ஆறுக்கு ஒன்று ஏற்றத்தில் அந்த 150-ல் 45 கிலோ வரை காணாமல் போகும். நனைந்த மண்ணில் பின் சக்கரம் சும்மா சுற்றத் தொடங்குவது பெரும்பாலும் இதனால்தான். நின்ற வாக்கில் வைத்த பிளாஸ்டிக் டேங்க் இதற்கு மோசமான பாரம். பாதி டேங்க் இன்னும் மோசம், தண்ணீர் வளைவுக்கு வளைவு ஒரு பக்கம் அடிக்கும். உள்ளே தடுப்புள்ள, படுத்த வடிவ டேங்க் வாங்குங்கள். நிரப்பினால் முழுசாக நிரப்புங்கள், இல்லையென்றால் காலியாக இழுங்கள்.

இவ்வளவையும் வைத்து நான் சொல்வது, உங்கள் இரண்டு வேலைகளையும் பிரித்துவிடுங்கள். மண்டிக்குப் போகும் காய்கறியை பிக்கப்பின் பாடியிலேயே ஏற்றுங்கள். ஒரு டன் என்பது 45 கிலோ மூட்டையில் 22 மூட்டை, அதற்கு டிரெய்லரை மலையிறக்க வேண்டிய அவசியமே இல்லை. டிரெய்லர் மேலே, தோட்டங்களுக்கு நடுவே மட்டும் ஓடட்டும். அதையும் இலேசாக்கலாம். 500 லிட்டர் டேங்க்கை வண்டிப் பாடியில் வைத்துவிட்டு டில்லரை மட்டும் டிரெய்லரில் ஏற்றினால், 250 கிலோ டிரெய்லரும் 450 கிலோ டில்லருமாக 700-க்குள் அடங்கும். அப்படியானால் கேள்வியே மாறிவிடுகிறது: பாடியில் நிஜமாகவே ஒரு டன் ஏற்ற ஒப்புதல் உள்ள, லோ ரேஞ்ச் (சக்கரத்தை மெதுவாக, கூடுதல் வலுவோடு சுற்றவைக்கும் கியர்) உள்ள ஃபோர் வீல் வண்டி எது? ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற சொகுசு டபுள் கேப்கள் இழுவையில் கெட்டி, ஆனால் ஒப்புதல் பெற்ற பாடிப் பாரம் வணிக பிக்கப்களைவிட வெகு குறைவு. ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெறும் எடையைக் கழித்துப் பாருங்கள், அதில் ஆட்களும் மூக்குப் பாரமும் சேர்த்தி. பொலேரோ கேம்பரின் ஃபோர் வீல் மாடல், டாடா யோதாவின் ஃபோர் வீல் மாடல் இரண்டும் உங்கள் வேலைக்கு நெருக்கமானவை. யோதாவின் 2.2 லிட்டர் 100 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டரும் கேம்பரின் 75, 200-ஐவிட மலைக்கு வசதி. கேம்பருக்கு நீலகிரியில் மெக்கானிக்கும் உதிரிபாகமும் எளிதாகக் கிடைப்பது சின்ன விஷயமில்லை. நான் எடுப்பதென்றால் யோதா. நிறை டேங்கோடு ஒன்றரை டன் டிரெய்லர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் மட்டும் ஹைலக்ஸ் ஆட்டோமேட்டிக். அப்போதும் காய்கறிக்கு வேறு வண்டி வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமா என்றால், உங்கள் வழிக்கு வேண்டும், அதுவும் முக்கியமாக லோ ரேஞ்சுக்காக. ஏறுவதற்கு மட்டுமில்லை, சேற்றில் இறங்கும்போது நான்கு சக்கரமும் இன்ஜினோடு பிடித்துக்கொண்டு வரும். ஆனால் இவை எல்லாம் பார்ட்-டைம் வகை, தேவைப்படும்போது மட்டும் ஃபோர் வீலில் போட வேண்டியவை. காய்ந்த தார் ரோட்டுக் கொண்டை ஊசியில் ஃபோர் வீலில் போட்டுத் திருப்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கும், ஸ்டீயரிங் கல்லாகும், இரண்டு அச்சுக்கும் வலுவைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அடி வாங்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் டூ வீலுக்கு மாற்றிவிடுங்கள். ஆட்டோமேட்டிக் தாங்குமா என்ற பயம் தேவையில்லை. கிளட்ச் பிளேட்டுக்குப் பதில் ஆயில் வழியாக வலுவைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக், பாரத்தோடு ஏற்றத்தில் நின்று கிளம்ப மேனுவலைவிட நல்லது. மேனுவலில் டிரெய்லரை மேட்டில் ரிவர்ஸ் எடுக்கும் இரண்டு நிமிடத்தில் கிளட்ச் பிளேட் கருகி நாறும். லோ ரேஞ்சில் போட்டு ரிவர்ஸ் எடுத்தால் அந்தத் தொல்லை பாதி தீரும். ஆட்டோமேட்டிக்கில் கவனிக்க வேண்டியது கியரைக் கையால் கீழே பூட்டி இறங்குவதும், ஆயிலை வழக்கத்தைவிட முன்கூட்டியே மாற்றுவதும்தான். பி.எஸ்.-6 டீசலில் டி.பி.எஃப். (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) உண்டென்றால் இன்னொன்று: நாள் முழுக்கத் தோட்டத்துக்குள்ளேயே மெதுவாக ஓடினால் அது கரி பிடித்து அடைத்துக்கொள்ளும். மண்டிக்குப் போய் மலையேறித் திரும்பும் ஓட்டமே அதைச் சுத்தம் செய்துவிடும்.

சட்டத்தில் உறுதியானது இது: 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம், அதற்குத் தனிப் பதிவு, தனி நம்பர், காப்பீடு உண்டு. 750 கிலோ வரை டி-1, அதற்கு மேல் 3.5 டன் வரை டி-2 வகை. கம்பெனி வடிவமைப்பை மாற்றுவதற்கு 52-ஆம் பிரிவில் தடை இருக்கிறது. அதிக பாரத்துக்கு 194-ஆம் பிரிவில் 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். பட்டறையில் கோணம் வெல்டிங் வைத்துச் செய்த டிரெய்லரைப் பதிவு செய்ய முடியுமா, உங்கள் பிக்கப்பில் கொக்கி போட அனுமதி கிடைக்குமா என்பது அந்தந்த வண்டியின் ஒப்புதல் தாளைப் பொறுத்தது. முன்பணம் கொடுப்பதற்கு முன் தாள்களோடு ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், காப்பீட்டுக் கம்பெனியிடம் டிரெய்லரைப் பற்றி எழுத்தில் வாங்குங்கள். கொக்கித் தாங்கியைச் சேஸின் இரண்டு பக்கமும் 10.9 தர போல்ட்டால் பூட்ட வேண்டும், சேஸில் வெல்டிங் வைக்க விடாதீர்கள். பம்பருக்குக் கீழே கம்பெனி தரும் கட்டியிழுக்கும் வளையம் டிரெய்லருக்கானது இல்லை.

தோட்டத்து வழியை நேரில் பார்க்காமல் என்னால் முடிவாகச் சொல்ல முடியாதது ஒன்று உண்டு: உங்கள் கடைசி வளைவில் இந்தக் கூட்டணி ஒரே திருப்பில் திரும்புமா என்பது. அதற்குச் சோதனை ஓட்டத்துக்கு வண்டி வரும்போது ஷோரூம் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதோடு விடாமல் தோட்டத்துக்கே கூட்டி வாருங்கள். வளைவில் பின் சக்கரம் போன தடத்திலிருந்து உள்பக்கம் அரை மீட்டர் தள்ளிக் கற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள், கொக்கியிலிருந்து 3 மீட்டரில் அச்சு உள்ள டிரெய்லர் அந்தக் கோட்டில்தான் வரும். பாடியில் 10 மூட்டை மண் ஏற்றி, இருப்பதிலேயே செங்குத்தான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் மட்டும் தாங்குகிறதா என்று பாருங்கள். பின் சக்கரத்துக்குக் கட்டை போட ஒருவர் தயாராக நிற்கட்டும்.